எண்ணிக்கை குறைவு, ஆனால் ஆட்சியில் இடம் உண்டு
மொழிச் சிறுபான்மையினரின் கட்சி என்றைக்கும் எதிர்க்கட்சி வரிசைதான் என்று இங்கே வந்த கட்டுரையில் அதை எழுதியவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். பின்லாந்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே ஸ்வீடிஷ் தாய்மொழிக்காரர்கள் சுமார் 5 சதவீதம்தான். அவர்களுடைய ஸ்வீடிஷ் மக்கள் கட்சி 1906இல் தொடங்கியது, தாராளவாதக் கட்சி. 1979 முதல் 2015 வரை வலது, இடது என யார் தலைமையில் ஆட்சி அமைந்தாலும் இவர்களுக்கு மந்திரி பதவி இருந்தது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் 'குறைந்தபட்ச வாக்கு வரம்பு (இத்தனை சதவீத வாக்கு வாங்கினால்தான் இடம் என்ற விதி) இருந்தால் இவர்கள் காணாமல் போவார்கள்' என்கிறார். சரி, ஆனால் அங்கே அந்த வரம்பே கிடையாது. வாக்காளர்கள் வாசா, ஊசிமா போன்ற கடலோரப் பகுதிகளில் திரண்டிருப்பதால் 2023 தேர்தலில் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டிய வாக்குகளுக்கே நாடாளுமன்றத்தில் 9 இடங்கள் கிடைத்தன. பலன் தெருவிலேயே தெரியும்: ஒரு நகராட்சியில் சிறுபான்மை மொழியினர் 8 சதவீதமோ 3,000 பேரோ இருந்தால் அது இருமொழி நகராட்சி. பின்னிஷ் பேசுவோர் அதிகமுள்ள எஸ்போ நகரில் என் வீட்டுத் தெருப் பலகையில் மேலே பின்னிஷ், கீழே ஸ்வீடிஷ். கோர்ஷோல்ம் நகராட்சிப் பக்கம் போனால் ஸ்வீடிஷ் மேலே ஏறிவிடும், அங்கே ஸ்வீடிஷ்காரர்கள்தான் பெரும்பான்மை. கட்டுரையாளர் குறை சொல்ல விரும்பினால் வேறு இடம் இருக்கிறது. பள்ளியில் ஸ்வீடிஷ் கட்டாயப் பாடமாக இருக்கக் கூடாது என்று பல வருடமாகச் சொல்லிவரும் பின்ஸ் கட்சியோடு 2023இல் இவர்கள் ஒரே மந்திரிசபையில் போய் உட்கார்ந்தார்கள். தாராளவாதம் பேசுகிறவர்களுக்கு அது பொருந்துமா என்று எழுதியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.