சித்தியின் தடைக்கு முடிவுத் தேதி எங்கே?

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், பழைய திருட்டுக்காகச் சித்திக்குத் தடை போட்டிருக்கும் கடையிலிருந்து வெள்ளிக்கிழமை அவரை வெளியே அனுப்பினார்கள். அதை ஏற்கெனவே எழுதிவிட்டேன். ஆனால் அதற்குக் கீழே "கடைக்காரன் பக்கமும் நியாயம் இருக்கு" என்று சாவகாசமாக எழுதிவிட்டுப் போனவர்களுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சித்தி திருடினார். இல்லை என்று நானும் சொல்லவில்லை, அவரும் ஒருநாளும் சொன்னதில்லை. 2012-இல் தையல் ஃபேக்டரியை மூடி, வேலை போய் ஏழு மாதம். பேத்திக்காக இரண்டு டின் பால் பவுடரைப் பையில் போட்டார், பிடிபட்டார். "குற்றத்தை ஒப்புக்கொண்டு 500 ரேண்ட் கட்டினால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். கட்டினார். அது வெறும் அபராதம் இல்லை, கோர்ட்டில் தண்டனை பெற்றதற்குச் சமம் என்று யாரும் சொல்லவில்லை. நான்கு வருஷம் கழித்து, ஒரு சமையலறை வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்டபோதுதான் தெரிந்தது. உங்கள் வீட்டில் யாரிடமாவது அப்படியொரு குற்ற ஒப்புதல் தாளை நீட்டினால், வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

தண்டனைத் தேதியிலிருந்து பத்து வருஷம் முடியும்வரை காத்திருந்தோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 271பி பிரிவில், 20,000 ரேண்டுக்கு மேற்படாத அபராதம் என்றால் பத்து வருஷம் கழித்துப் பதிவை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டோம். பிரிட்டோரியாவிலிருந்து கடிதம் வந்தது, அழித்தாயிற்று என்று. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார் சித்தி.

அந்தக் கடிதத்தை நம்பித்தான் "இனி என்ன பயம், வாங்க" என்று நான் கூட்டிப்போனேன். புரட்டாசிச் சனிக்குப் பூசணி, பீன்ஸ், தேங்காய். காவலாளி சின்னப் பையன், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. கடை வைத்திருக்கும் சித்தியின் பழைய படத்தைப் போனில் பார்த்துவிட்டு, "சாரி மா, வெளியே போகணும்" என்றான். தேங்காயைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த சித்தி, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார். நான்தான் கூட்டிப்போனேன்.

அரசாங்கமே அழித்துவிட்ட குற்றத்தை ஒரு கடை எத்தனை வருஷம் வைத்திருக்கும்? தடை போடட்டும், அதற்கு ஒரு முடிவுத் தேதி போடட்டும். மூன்று கடிதம் கொடுத்திருக்கிறேன். கிளை மேனேஜர் தலைமை அலுவலகத்தைக் கேட்கச் சொல்கிறார், தலைமை அலுவலகம் கிளை மேனேஜரைக் கேட்கச் சொல்கிறது.

"தனியார் கடை, யாரை விடுவது என்பது அவர்கள் இஷ்டம்." தெரியும். மீறிப் போனால் அத்துமீறல் சட்டத்தில் போலீஸைக் கூப்பிடலாம், அதுவும் தெரியும். அந்தச் சட்டம் வந்தது 1959-இல். நிறவெறி ஆட்சியில், நாம் எந்தப் பெஞ்சில் உட்காரலாம் என்று பலகை மாட்டியிருந்த காலம். அந்தப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவரிடம் போய் இஷ்டம் என்று சொல்லாதீர்கள்.

"2021 ஜூலைக்குப் பிறகு கடைக்காரர்கள் கறாராகத்தான் இருப்பார்கள்." சரி, இருக்கட்டும். கடைகள் சூறையாடப்பட்ட அந்த வாரம் ஒரு ரொட்டிக்காக மணிக்கணக்கில் கியூவில் நின்றோமே, சித்தியும்தான் காசைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அது ஏன் யாருடைய பதிவிலும் ஏறவில்லை?

"வேறு கடைக்குப் போகலாமே." சாட்ஸ்வொர்த்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களா? சாசா (அரசின் சமூக உதவித்தொகை அலுவலகம்) தரும் முதியோர் பணத்தையே நம்மில் பலர் கடை கவுண்டரில்தானே எடுக்கிறோம். அடுத்த கடைக்கு இரண்டு மினிபஸ் டாக்ஸி மாற வேண்டும். முழங்கால் வலியோடு இத்தனை வருஷம் மாறி மாறித்தான் போகிறார்.

தேவைக்கு மேல் ஒருவருடைய தகவலை வைத்திருக்கக் கூடாது என்கிறது போப்பியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். அதன் 24-ஆம் பிரிவில், காலாவதியான தகவலை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் திங்கட்கிழமை பதிவுத் தபால் போடுகிறேன். மறுத்தால் தகவல் ஒழுங்காணையத்துக்குப் போவேன். இப்படிக் கேட்டு எடுக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கடிதத்தை எப்படி எழுதினீர்கள் என்று பார்க்க வேண்டும். "திருடினவளுக்கு வக்காலத்தா" என்பவர்கள் வர வேண்டாம். சித்தியின் பேத்தி இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள்.