ரெண்டாவது சிடி

வருஷக் கடைசி சர்ச் ஆராதனைக்குக் கிளம்புவதற்கு முன்னால் உட்கார்ந்து சாத்தான் படம் பார்க்கிற வீடு எங்கள் தெருவிலேயே எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். டிசம்பர் 31 சாயங்காலம் ஆனால் நான் 1999-இல் வந்த அர்னால்டு படமான 'எண்ட் ஆஃப் டேஸ்' போட்டுவிடுவேன். "ஏங்க, இன்னைக்கு ஒரு நாளாவது வேற ஏதாவது போடக் கூடாதா?" என்று மனைவி கேட்பாள். கேட்டுக்கொண்டே முந்திரிக்கொத்துத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தும் விடுவாள்.

முதலில் பார்த்தது 2000-இல், வாடகைக்கு எடுத்த சிடியில். ரெண்டு சிடி. முதல் சிடி பளபளவென்று இருந்தது. ரெண்டாவதை யாரோ தரையில் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். சட்டையில் துடைத்துப் பார்த்தோம், பற்பசை தடவிப் பார்த்தோம், ம்ஹும். சுரங்க ரயில் துரத்தலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அர்னால்டு பாதி முகத்தோடு அப்படியே நின்றுவிட்டார். மறுநாள் காலேஜில் பயல்கள் முடிவு என்ன என்று கேட்டார்கள். "சாத்தானைச் சுட்டுத் தள்ளிருவாரு மக்கா, வேற என்ன?" என்று அடித்துவிட்டேன். அர்னால்டு படத்துக்கு வேறு முடிவு இருக்க முடியுமா? இப்படி முடிவு தெரியாமலே நாலைந்து வருஷம் இந்தப் படத்தை ஊரெல்லாம் சிபாரிசு பண்ணியிருக்கிறேன்.

நல்ல படம் என்று நான் யாரிடமும் வாதாட வரவில்லை. ஓட்டைகளை எண்ணினால் விடிந்துவிடும். கதை இதுதான்: ஆயிரம் வருஷத்துக்கு ஒரு முறை சாத்தானுக்கு ஒரு வாய்ப்பு. 1979-இல் பிறந்து அடையாளமிடப்பட்ட ஒரு பெண்ணோடு 1999-ன் கடைசி ராத்திரி அவன் கூட வேண்டும், கூடினால் உலகம் காலி. அவளைக் காப்பாற்ற நிற்பவர் அர்னால்டு. ஏன் 1999? 666-ஐத் தலைகீழாகத் திருப்பினால் 999, முன்னால் ஒரு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பாதிரியார் விளக்குகிறார். ஞாயிறு பள்ளியில் நாங்கள் இதைச் சொல்லியிருந்தால் முதுகில் ரெண்டு விழுந்திருக்கும். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 20-ஆம் அதிகாரத்தில் ஆயிரம் வருஷமும் சாத்தான் அவிழ்த்துவிடப்படுவதும் இருக்கிறது. இந்தக் கல்யாணக் கணக்கு எங்கேயும் கிடையாது.

அதுவும் நள்ளிரவுக்கு முந்தின ஒரு மணி நேரம், பதினொன்று முதல் பன்னிரண்டு வரைக்கும்தான் முகூர்த்தம். எந்த ஊர் நேரப்படி என்று அர்னால்டே படத்தில் நக்கலாகக் கேட்பார். நியூயார்க் நேரம்தான். அப்படியென்றால் நமக்கு ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஒன்பதரை. ஆராதனை முடிந்து, கேக் தின்று, ஒரு தூக்கம் போட்டு எழுந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது உலகம் அழிந்திருக்கும்.

கூத்துக்கும் பஞ்சமில்லை. சாத்தான் தெருவில் ஒன்னுக்கு அடிக்கிறான், அது பெட்ரோல் மாதிரி ஓடுகிறது, சிகரெட்டைச் சுண்டுகிறான், வண்டி வெடிக்கிறது. குட்டையான ஒரு பெரியம்மா அர்னால்டைத் தூக்கி அறைக்கு அறை வீசுகிறார் (மிரியம் மார்கோலிஸ், என் மகளுக்கு அவர் ஹாரி பாட்டரின் ஸ்ப்ரௌட் டீச்சர்!). இயக்கிய பீட்டர் ஹயம்ஸே ஒளிப்பதிவும். மனுஷனுக்குக் கரண்ட் பில் மேல் என்ன கோபமோ, பாதிப் படம் இருட்டு.

ஆனால் சாத்தானாக வரும் கேப்ரியல் பிர்ன் இருக்கிறாரே! கொம்பு கிடையாது, கத்தல் கிடையாது. நல்ல கோட்டு, நல்ல நடை, எல்.ஐ.சி. ஏஜெண்ட் மாதிரி ஒரு சிரிப்பு. அதே 1999-இல் 'ஸ்டிக்மாட்டா'வில் பாதிரியாராக நடித்தவரும் இவர்தான். மோசமான நடிப்புக்குக் கொடுக்கிற ராஸி விருதுக்கு இவரையும் பரிந்துரைத்தார்கள், அர்னால்டையும் பரிந்துரைத்தார்கள். அதை நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஏனென்றால் இந்தப் படத்து அர்னால்டு வேறு ஆள். 1997-இல் இதய வால்வு அறுவை சிகிச்சை முடிந்து, ரெண்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு வந்த படம். வயது 52. முதன்முதலில் அவரைக் காட்டும்போதே துப்பாக்கியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் காலைச் சாப்பாடு: ஆறின காபி, பீர், மிச்சமிருந்த சைனீஸ் சாப்பாடு, தரையில் கிடந்த பீட்சா, எல்லாம் மிக்சியில் ஒரே சுற்று. குடிக்கும்போது முகத்தில் அருவருப்புகூட இல்லை. பொண்டாட்டி பிள்ளையைப் பறிகொடுத்த முன்னாள் போலீஸ்காரன் என்பது பிறகுதான் தெரியும். அந்த மிக்சியிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

பிர்ன் அவர் வீட்டுக்கே வந்து பேரம் பேசுகிற காட்சிக்காகத்தான் நான் வருஷா வருஷம் உட்காருகிறேன். செத்துப்போன மனைவியையும் மகளையும் கண்முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறான். அந்த அடையாளமிட்ட பெண் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று மட்டும் சொல், இவர்களை வைத்துக்கொள் என்கிறான். நல்லது நடந்தால் கடவுளுக்குப் பேர், கெட்டது நடந்தால் அவர் வழி அறிய முடியாதது என்று சாத்தான் புகார் சொல்லும்போது, அடப்பாவி நியாயமாகத்தானே பேசுகிறான் என்று ஒரு நொடி தோன்றும். எதிரே அர்னால்டு அழுகிறார். நன்றாக அழுகிறார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் நம்பினேன்.

அந்த முடிவை நான் சரியாகப் பார்த்தது பிற்பாடு டிவிடி வாங்கினபோதுதான். (இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான படம், முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்.) அர்னால்டு தேவாலயத்துக்குள் வரும்போது கையில் ஆள் உயரத்துக்குத் துப்பாக்கி. அதைக் கீழே எறிந்துவிட்டு, படம் முழுக்கக் கடவுளை நம்பாதவர், பெலன் தாரும் என்று கேட்கிறார். அப்புறம் சாத்தான் அவர் உடம்புக்குள்ளேயே புகுந்துகொள்ள, மிகாவேல் தூதன் சிலையின் வாள் மேல் தன்னைத்தானே பாய்ச்சிக்கொள்கிறார். அவர் பாத்திரத்தின் பேர் ஜெரிகோ கேன், இங்கிலீஷ் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள், ஜே.சி., ஜீசஸ் கிரைஸ்ட், அவ்வளவு பச்சையாக வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் சுட்டுத் தள்ளிருவாரு மக்கா என்று நான் அடித்துவிட்டது ஞாபகம் வந்து அன்றைக்கு எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நடுவில் தரையைப் பிளந்துகொண்டு வருகிற இறக்கை முளைத்த கிராபிக்ஸ் சாத்தானை மட்டும் மன்னிக்கவே முடியாது. அவ்வளவு நேரம் பிர்ன் சிரிப்பால் செய்ததை ஒரு ரப்பர் பொம்மை வந்து கெடுக்கிறது.

இந்தத் தடவை ரயில் காட்சி ஆரம்பிக்கும்போதே ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. மறுபடியும் பாதியில் நிறுத்தம்! சர்ச்சில் கொடுக்கிற, பைபிள் வசனம் போட்ட புது வருஷ வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது மணி ஒன்றரை. தூங்கியிருப்பாள் என்று நினைத்த மகள் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"மிச்சத்தப் போடுப்பா. நியூயார்க்ல இப்ப மதியம் மூணு மணிதான். அவருக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு."