"ஒன்றும் பெறவில்லை" என்று புத்தர் சொன்னாரா?

புத்தர் படத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு வாசகம் சுற்றுகிறது: "தியானத்தால் என்ன பெற்றீர்கள்?" "ஒன்றுமில்லை. ஆனால் கோபம், பதற்றம், மரண பயம் எல்லாவற்றையும் இழந்தேன்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலி மொழியில் உள்ள சுத்தங்களில், அதாவது புத்தரின் பேருரைகளில், இப்படி ஒரு உரையாடலே கிடையாது.

கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்டவன் மகத மன்னன் அஜாதசத்ரு, தந்தையைக் கொன்று அரியணை ஏறியவன். நீண்ட சுத்தங்களின் தொகுப்பான தீக நிகாயத்தின் 2-வது சுத்தத்தில் வருகிறது. பௌர்ணமி இரவு. ராஜகிருகத்தில் வைத்தியர் ஜீவகரின் மாந்தோப்பு. உள்ளே புத்தரோடு 1,250 துறவிகள். ஒரு தும்மல், இருமல்கூடக் கேட்கவில்லை. அந்த அமைதியே மன்னனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. "என்னை எதிரியிடம் பிடித்துக் கொடுக்கப் போகிறாயா?" என்று ஜீவகரிடம் கேட்கிறான்.

அப்புறம் புத்தரிடம், துறவு வாழ்வில் இப்போதே, கண்ணெதிரே கிடைக்கும் பலன் என்ன என்கிறான். "ஒன்றுமில்லை" என்று அவர் கைவிரிக்கவில்லை, ஒவ்வொன்றாக அடுக்குகிறார். ஆசை, வெறுப்பு, சோம்பல், அலைபாய்தல், ஐயம் விலகினால் கடன் அடைந்தவனுக்கும் சிறை மீண்டவனுக்கும் வரும் நிம்மதி. அதற்குப் பிறகு தியானத்தில் ஊறும் மகிழ்ச்சி. வாசகம் விட்டுவிட்டது இதைத்தான், எனக்கு வருத்தமும் அதில்தான். ஆறும் மழையும் வந்து சேராமல், அடியூற்றிலிருந்தே குளிர்ந்து நிரம்பும் ஏரியை அதற்கு உவமை சொல்கிறார்.