அந்த சோலோ டேவ் டேவிஸ் வாசித்தது

நல்ல கட்டுரை. ஆனால் கிங்க்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'யூ ரியலி காட் மீ' (1964) பாட்டில் வரும் கிட்டார் சோலோவை (தனி வாசிப்பை) கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் வாசித்ததாக அதில் எழுதியிருப்பது தவறு. பேஜே அதை மறுத்திருக்கிறார். வாசித்தவர் கிங்க்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ், அப்போது 17 வயதுப் பையன். எல்பிகோ என்ற சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்துவிட்டார். கம்பியைத் தட்டியதும் கிழிந்த காகிதம் படபடவென்று அதிர்ந்து கரகரக்கும். அந்தக் கரகரப்புதான் பாட்டுக்கே உயிர்! இத்தனைக்கும் அண்ணன் ரே டேவிஸ் இதை முதலில் பியானோவில்தான் அமைத்தார். அப்புறம் 1978இல் வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தில் இதே பாட்டை வாசித்தார்கள். சரி, ஹெட்போன் மாட்டி முதல் பத்து நொடி கேட்டுப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும். தயவுசெய்து அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.