அம்பாப் பாட்டுக்கு வானொலியில் ஒரு மணி நேரம் கொடுங்கள்

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மணிக்கணக்கில் கயிறு இழுக்க வேண்டும். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் கரையில் பெரியப்பாதான் அம்பா, அதாவது வலை இழுக்கும் பாட்டு, பாடுவார். அவர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குவார்கள். அந்த வாங்கலில்தான் கயிறு நகரும்.

யாராவது கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் பெரியப்பா திட்ட மாட்டார். பாட்டில் ஏற்றிவிடுவார். "பீடி புடிக்க ரெண்டு கை, கயிறு புடிக்க ஒத்தக் கையா?" கரையே சிரிக்கும். அவனும் சிரித்துக்கொண்டே குனிந்து இழுப்பான். பங்கு பிரிப்பதில் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், கணக்கைக் குறைத்தால் அவருக்கும் மறுநாள் ஒரு அடி உண்டு, அவர் எதிரில் நிற்கும்போதே.

சிரிப்பு, நியாயம், பாட்டு மூன்றும் எங்கள் கரையில் ஒரே மூச்சில் வந்தவை. வானொலிதான் அதைத் துண்டு துண்டாக வெட்டியது. விடியற்காலையில் நற்சிந்தனை, மதியம் சினிமா காமெடி, எப்போதாவது கீபோர்டு வைத்து மெருகேற்றிய நாட்டுப்புறப் பாட்டு. மூன்றையும் சேர்த்து வாரம் ஒரு மணி நேரம் கேட்க ஆசைப்படுகிறேன்.

வானொலியால் முடியாததும் இல்லை. தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொன்ன காலத்தில் காலையில் டீக்கடையே காது கொடுத்து நிற்கும். தான் சிரிக்காமல் நம்மைச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்புக்குள் ஒரு நல்ல விஷயத்தை வைத்துவிட்டுப் போவார். 2009இல் அவர் மறைந்தார். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் எனக்குத் தெரிகிறது. அதற்கும் முன்னால் சிலோன் ரேடியோ. எங்கள் அப்பா டிரான்சிஸ்டரைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கடலுக்குக் கொண்டுபோவார். கொழும்பு எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி கேட்கும். இன்று பாம்பனிலேயே, 2016 முதல் மீனவர்களுக்காக 90.4இல் 'கடல் ஓசை' சமுதாய வானொலி ஒலிக்கிறது. சமுதாய வானொலி என்றாலே பாதி நிகழ்ச்சியாவது உள்ளூரில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது அரசின் விதி. நம் கரைக்கு இதைவிடத் தோதான விதி வேறென்ன வேண்டும்?

அந்த ஒரு மணி நேரத்தின் நியாயப் பகுதியில் அறிவுரை வேண்டாம். கேள்வி மட்டும் போதும். ஒருமுறை வாடைக்காற்றில் அறுந்து மிதந்துவந்த ஒரு வலையை அப்பா எங்கள் வத்தைப் படகில் ஏற்றி வந்தார். மிதவை அடையாளத்தைப் பார்த்தால் அடுத்த ஊர்க்காரர்களுடையது. வலையைத் திருப்பிக் கொடுப்பதில் யாருக்கும் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அதில் மாட்டியிருந்த மீன் யாருக்கு? "வலை அவங்க வலை, மீனும் அவங்களுதுதான்" என்றாள் அம்மா. "டீசல் போட்டு அலையில தூக்குனது நாமதானே அண்ணி, பாதியாச்சும் நமக்கு வேணும்" என்றார் சித்தப்பா. பக்கத்து வீட்டு மரைக்காயர் மாமாவோ, "வித்த காசை அந்தப் பள்ளிவாசல் பக்கத்து விதவைப் பொம்பளைக்குக் கொடுத்துருங்க" என்றார். இரவு வரை பேச்சு ஓடியது, நடுநடுவே சிரிப்பு. அந்தப் பேச்சை அப்படியே ஒலிபரப்பியிருந்தால் எத்தனை வீடுகளில் சோறு ஆறியிருக்கும்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போது இப்படிப் பேச எத்தனை விஷயம் இருக்கிறது. ஐஸ் மீனைப் புது மீனோடு கலந்து விற்பது, கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு எடையில் குறைப்பது. தொகுப்பாளர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை தங்களுக்குள் அடித்துக்கொள்ளட்டும்.

பாட்டைக் கரையிலேயே பதிவு செய்யுங்கள். காற்று இரைந்தால் இரையட்டும். கும்மி, ஒப்பாரி, கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்கள் தப்ஸ் பறை தட்டிப் பாடும் பாட்டு எல்லாம் வரட்டும். முதலில் அம்பா. பாடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது.

போன வாரம் பெரியப்பாவிடம் போனை நீட்டி, "ஒரு அடி பாடுங்க பெரியப்பா" என்றேன். வாயைத் திறந்தார், நிறுத்திவிட்டார். "கயிறு இல்லாமப் பாட்டு வராதுப்பா. இழுக்குறதுக்கு ஆளைக் கூட்டிட்டு வா" என்றார்.

எட்டுப் பேர் சரி என்றிருக்கிறார்கள். இன்னும் பத்துப் பேராவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கரைக்கு வந்துவிடுங்கள்.