பட்டியலில் இருந்து பெயர் போகவும் செய்யும்

உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒருமுறை ஏறிவிட்டால் அப்புறம் கவலையே இல்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லைங்க. மூன்று இடங்களை யுனெஸ்கோ முழுசாகவே நீக்கியிருக்கிறது: 2007-ல் ஓமனின் அரேபிய ஆரிக்ஸ் மான் சரணாலயம், 2009-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு, 2021-ல் லிவர்பூல் துறைமுகம்.

டிரெஸ்டனில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே எல்லாம் ஒரு பாலத்தால் வந்த வினை. 2004-ல் பட்டியலில் சேர்ந்தார்கள். அடுத்த வருடமே வாக்கெடுப்பு வைத்து, பாலம் வேண்டும் என்று ஊர்க்காரர்களே சொல்லிவிட்டார்கள். பாலம் வந்தால் பள்ளத்தாக்கின் அழகு கெட்டுவிடும், ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை போடலாமே என்று யுனெஸ்கோ தரப்பில் சொல்லிப் பார்த்தார்கள். ம்ஹூம். 2013-ல் பாலம் திறந்தாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், கோடை மாதங்களில் இரவானால் அந்தப் பாலத்தில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. மூக்கு குதிரை லாடம் போல இருக்கும் ஒரு சின்ன வௌவாலுக்காக! ராத்திரி பதினோரு மணி, நான்கு வழிச் சாலை, முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. என் நண்பர் கேமராவுக்குப் பயந்து காரை மாட்டு வண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போனார். நான் கடைசி வரை ஒரு வௌவாலைக்கூடப் பார்க்கவில்லை.

டிரெஸ்டனாவது இன்றும் அழகான ஊர்தான். ஓமன் கதைதான் மனசுக்குக் கஷ்டம். எண்ணெய் தேடுவதற்காகச் சரணாலயத்தின் பரப்பில் 90 சதவீதத்தை அரசே வெட்டியது. 1996-ல் 450 இருந்த ஆரிக்ஸ் மான்கள், நீக்கிய சமயத்தில் வெறும் 65. அதிலும் குட்டி போடும் ஜோடிகள் நான்கோ என்னவோதான்.