சஹ்ரானுக்கு மண்ணடியிலிருந்து ஒரு பதில்

செவ்வாய்க்கிழமை சென்னை அர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் பொட்டு வைத்த அம்மாவுக்குப் பின்னாலேயே பர்தா போட்ட எங்கள் மண்ணடிப் பெண்ணும் நிற்பார். கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலிலும் செவ்வாய்க்கிழமை இதே மாதிரி எல்லா மதத்தாரும் வருவார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் பூசை நேரத்தில் அந்தக் கோயிலுக்குள் போய்த்தான் ஒருவன் வெடித்தான். மூன்று தேவாலயங்கள், மூன்று பெரிய ஹோட்டல்கள். 260 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

வெடித்தவர்களின் தலைவன் சஹ்ரான் ஹாஷிம், கிழக்கு இலங்கையின் காத்தான்குடிக்காரன். பேசியதெல்லாம் தமிழில். என் வயிற்றைக் கலக்குவது அதுதான். ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ மொபைலை நோண்டிக்கொண்டிருக்கும் நம்ம பையனுக்கு அவன் பேச்சு ஒரு வரி விடாமல் புரியும்.

வறுமைதான் காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். அன்று வெடித்தவர்களில் இரண்டு பேர் கொழும்பின் பணக்கார மசாலா வியாபாரியின் மகன்கள். மதம் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தியைக் கொல்ல ஸ்ரீபெரும்புதூருக்குத் தனுவைக் குண்டோடு அனுப்பிய புலிகள் மதத்துக்காக அனுப்பவில்லை. கொடி எதுவானாலும் வேலை ஒன்றுதான்: நிஜமான வலியைக் காட்டி, செத்துக் கொல்வதுதான் அதற்கு மருந்து என்று நம்பவைப்பது.

"காஸாவுல சின்னப் பிள்ளைங்க சாகுதே ஹஜ்ரத், நாம சும்மா இருக்கணுமா?" என்று ஒரு பையன் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டால், "இஸ்லாம் அமைதி மார்க்கம்பா" என்று தோளைத் தட்டி அனுப்புகிறோம். போதாது. அவனை உட்காரவைக்க வேண்டும். உன் கோபம் நியாயம்தான் என்று முதலில் சொல்ல வேண்டும். அப்புறம், போரில்கூடப் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததைச் சொல்ல வேண்டும். 'உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள்' என்ற குர்ஆன் 4:29-ஐ எடுத்துக் காட்ட வேண்டும். எதைக்கொண்டு ஒருவன் தன்னை மாய்த்துக்கொள்கிறானோ, மறுமையில் அதைக்கொண்டே அவனுக்கு வேதனை என்ற ஹதீஸையும்தான். தற்கொலைத் தாக்குதலுக்கு எதிராக 2010-லேயே பாகிஸ்தான் மார்க்க அறிஞர் தாஹிருல் காதிரி சில நூறு பக்கத்துக்கு ஃபத்வா கொடுத்துவிட்டார். நம்ம பையன் கையில் இருப்பதோ சஹ்ரானின் தமிழ் வீடியோ.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காத்தான்குடி முஸ்லிம்களே அவனைப் பற்றி முன்கூட்டியே போலீஸில் புகார் கொடுத்திருந்தார்கள். அவன் தலைமறைவானான், பேச்சை நிறுத்தவில்லை. குண்டு வெடித்த பிறகு அடி விழுந்தது யார் மேல்? அடுத்த மாதமே குருநாகல், மினுவாங்கொடை பக்கம் ஒன்றும் அறியாத முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன.

நம்ம ஏரியா ஜமாஅத் நிர்வாகிகளிடம் நான் கேட்பது இதுதான். வாரம் ஒரு நாள் இஷா தொழுகைக்குப் பிறகு பையன்களைப் பள்ளிவாசலில் உட்காரவையுங்கள். எந்தக் கேள்வியானாலும் கேட்கட்டும். கேட்டவனைச் சந்தேகமாகப் பார்க்காதீர்கள். ஆலிம்கள் சொல்லும் பதிலை வீடியோ எடுத்து, பையன்கள் புழங்கும் இடத்திலேயே போடுங்கள். எவனாவது கை மீறிப் போகிறான் என்று தெரிந்தால் புகார் கொடுக்க நாங்களே வருவோம். போலீஸும் அப்போது அவனை விட்டுவிட்டு எங்கள் தெருவையே விசாரிக்கக் கிளம்பக் கூடாது.